எல்கர் விட்டுப்போன மூன்றாம் சிம்பொனி: ஆன்டனி பெய்ன் செய்தது என்ன, செய்தது சரியா?

ஆங்கில இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் தன் மூன்றாம் சிம்பொனியை (ஆர்கெஸ்ட்ராவுக்கான, பல பகுதிகள் கொண்ட பெரிய இசைப்படைப்பு) முடிக்காமலே 1934-ல் இறந்துபோனார். யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று கடைசி நாட்களில் சொல்லியும் விட்டார். அப்படியிருக்க இசையமைப்பாளர் ஆன்டனி பெய்ன் பின்னாளில் எதை வைத்து அதை முடித்தார், இன்று நாம் கேட்பது எல்கரின் இசைதானா, இப்படிச் செய்தது நியாயமா என்பது கேள்வி.

நியாயம்தான் என்பது என் பதில். நாம் கேட்பது எல்கரும் பெய்னும் சேர்ந்த இசை. அதை பெய்ன் எங்கும் மறைக்கவில்லை. எல்கரின் தாள்கள் தீர்ந்துபோன இடத்தில் அவர் தயங்கி நிற்காமல் தானே இயற்றினார். அந்தத் துணிச்சல் இல்லாமல் போயிருந்தால் இந்த வேலை உயிரில்லாத ஒட்டுவேலையாக முடிந்திருக்கும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது புரிய, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

எல்கரின் முதல் சிம்பொனி 1908 டிசம்பரில் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரிக்டர் நடத்த அரங்கேறியது. ஓராண்டுக்குள் உலகம் முழுக்க ஏறத்தாழ நூறு முறை வாசிக்கப்பட்டது. 1911-ல் வந்த இரண்டாவதுக்கு அந்த வரவேற்பு இல்லை. 1919-ல் செல்லோ கன்செர்ட்டோ, அதாவது தனி செல்லோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. அடுத்த ஆண்டு மனைவி ஆலிஸ் இறந்தார், அதோடு பெரிய படைப்புகள் நின்றுபோயின. பத்துப் பன்னிரண்டு வருடம் அவர் சின்னச் சின்ன வேலைகள் செய்தார், பழைய படைப்புகளை இசைத்தட்டுக்காக நடத்தினார், குதிரைப் பந்தயத்துக்குப் போனார். எல்கர் முடிந்துவிட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அப்படி நினைக்காதவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. பிபிசியிடம் பணம் இருக்கிறது, ஒரு புது சிம்பொனிக்கு அவர்களை ஆர்டர் கொடுக்க வையுங்கள் என்று 1932 தொடக்கத்தில் எல்கருக்கே எழுதினார். பிறகு பிபிசியின் தலைவர் ஜான் ரீத்தையும் நெருக்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் அறிவிப்பு வந்தது: ஆயிரம் பவுண்டு சன்மானம், எல்கரின் மூன்றாம் சிம்பொனி. அப்போது அவருக்கு வயது 75. அடுத்த வருடம் அவர் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால் கிழவர் என்று சொல்லத் தோன்றாது. மே மாதம் விமானம் ஏறி பாரிஸ் போய், பதின்பருவத்து யெஹூதி மெனுஹின் வாசிக்கத் தன் வயலின் கன்செர்ட்டோவை நடத்திவிட்டு, கண்பார்வை போய் முடங்கிக் கிடந்த இசையமைப்பாளர் டீலியஸையும் பார்த்துவிட்டு வந்தார். கூடவே சிம்பொனியும் வளர்ந்தது. 1933 அக்டோபரில் அறுவைச் சிகிச்சைக்காக வயிற்றைத் திறந்தபோது, புற்றுநோய் அகற்ற முடியாத அளவுக்குப் பரவியிருந்தது தெரிந்தது. 1934 பிப்ரவரி 23 அன்று இறந்தார்.

கையில் மிஞ்சியது 130-க்கும் மேற்பட்ட பக்கங்கள். எண்ணிக்கையைக் கேட்டால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் எல்கர் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் அந்த 130 பக்கம் எவ்வளவு பெரிய புதிர் என்பது புரியும்.

எல்கர் முதல் பாரிலிருந்து (பார் என்பது இசைத்தாளில் ஒரு தாளக்கட்டு) கடைசி பார் வரை வரிசையாக எழுதுகிறவர் இல்லை. மனதில் எந்த இடம் வருகிறதோ அதை எழுதுவார். ஒரு உச்சக்கட்டம், ஒரு இணைப்பு, ஒரு தீமின், அதாவது முக்கிய மெட்டின், நான்கு பார், அதே தீம் வேறு சுருதியில் என்று துண்டு துண்டாக வரும். ஒரே பகுதியை நான்கைந்து தாளில் சிறிய மாற்றங்களோடு திரும்பத் திரும்ப எழுதுவதும் உண்டு. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின்காரரான டபிள்யூ. ஹெச். ரீட் அவருக்கு நெருங்கிய நண்பர். 1910-ல் வயலின் கன்செர்ட்டோ உருவாகும்போது ரீட் போய்ப் பார்த்தால், தாள்கள் நாற்காலிகளின் முதுகில் குத்தப்பட்டும் கணப்பு அடுப்பின் மேல்தட்டில் சாய்த்தும் வைக்கப்பட்டிருந்தனவாம், அவர் வாசித்துக் காட்டுவதற்காக. இந்தத் துண்டுகள் எந்த வரிசையில் வரும் என்பது எல்கரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். மூன்றாம் சிம்பொனிக்கும் அதே கதைதான். ரீட் வயலினில் வாசிப்பார், எல்கர் பியானோவில் சேர்ந்துகொள்வார், எழுதாத இடங்களை நினைவிலிருந்தே வாசித்துக் கடந்து போவார். அந்த நினைவு அவரோடு போய்விட்டது.

இங்கே ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர் முடிக்காமல் விட்ட பத்தாவது சிம்பொனியை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். மாலர் இறக்கும்போது ஐந்து மூவ்மென்ட்டும் (சிம்பொனியின் தனித்தனிப் பகுதிகள்) தொடக்கத்திலிருந்து முடிவு வரை அறுபடாத ஒரே இழையாகத் தாளில் இருந்தன. பல இடங்களில் ஒத்திசையும் (மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாத்தியப் பங்கீடும்தான் இல்லை. அதனால் இசை ஆய்வாளர் டெரிக் குக் 1960-களில் அதை மேடைக்குக் கொண்டுவந்தபோது, அடுத்து என்ன வரும் என்ற கேள்வி அவருக்கு இல்லை. பெய்னுக்கு முதல் கேள்வியே அதுதான். மாலரின் விதவை ஆல்மா முதலில் தடை போட்டு, பதிவைக் கேட்டபின் மனம் மாறி அனுமதி கொடுத்தார் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எல்கர் உண்மையில் என்னதான் சொன்னார்? படுக்கையில் இருந்தபோது ரீட்டிடம், இந்தத் துண்டுகள் யாருக்கும் புரியாது, யாரும் இதைக் குடைந்துகொண்டிருக்க விடாதே என்று கெஞ்சினார். எரித்துவிடுவதே நல்லது என்றும் சொன்னார். எரிக்க வேண்டாம், யாரும் தொடமாட்டார்கள் என்று ரீட் வாக்குக் கொடுத்தார். அதே எல்கர் தன் மருத்துவரிடம் சொன்னது வேறு மாதிரி: என்னால் முடிக்க முடியாவிட்டால் ஐம்பது வருடத்திலோ ஐந்நூறு வருடத்திலோ வேறு யாராவது முடிப்பார்கள், அல்லது இதைவிட நல்லதாக ஒன்று எழுதுவார்கள் என்றார். ஒரே மனிதர், ஒரே நோய்ப்படுக்கை, இரண்டு பேச்சு. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பெய்னைக் குற்றம் சொல்கிறவர்கள் இரண்டாவதைப் பேசுவதில்லை. இரண்டாவதை மட்டும் சொல்லி முதலாவதை மழுப்புகிறவர்களும் உண்டு, அதையும் நான் ஏற்கவில்லை. எல்கர் வாக்கு வாங்கிய நண்பரும் அவருடைய ஒரே மகள் காரிஸும் அதைத் தங்கள் வாழ்நாள் முழுக்கக் காத்தார்கள். யாரையும் முடிக்கவிடுவதில்லை என்று மகளும் பிபிசியும் உடன்பட்டு, தாள்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ரீட் 1942-ல் போனார், காரிஸ் 1970-ல். யாரிடம் கேட்டுக்கொண்டாரோ அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை.

ஆனால் ரீட் இன்னொரு காரியமும் செய்தார். 1936-ல் எல்கரைப் பற்றி எழுதிய நினைவுநூலின் பின்பகுதியில் அந்தத் தாள்களில் பலவற்றைப் படியெடுத்து அச்சிட்டார். எல்கரின் கையெழுத்திலேயே அவை வந்துவிட்டன. அதைப் பார்த்தவர்களில் பலர், கிழவருக்குக் கற்பனை வறண்டுவிட்டது, இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஒதுக்கினார்கள். பல பத்தாண்டுகள் அந்த அபிப்பிராயமே நின்றது.

1970-களில் அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தவர் பெய்ன். 1936-ல் பிறந்தவர், இசை விமர்சகர், இசையமைப்பாளர்கள் ஷோன்பெர்க் பற்றியும் ஃபிராங்க் பிரிட்ஜ் பற்றியும் எழுதியவர், அதோடு நவீன பாணியில் சொந்தமாக இயற்றியவர். எல்கரைப்போல எழுதிப் பழகிய ஆள் கிடையாது. இதுதான் அவருடைய பலம் என்று நான் நினைக்கிறேன். வெறும் ஆய்வாளராக இருந்திருந்தால் சான்று இல்லாத இடத்தில் பேனா நின்றிருக்கும்.

1993-ல் பிபிசி அவரை அணுகியது. தாள்கள் அதிகம் கிடைத்த நடு மூவ்மென்ட்டுகளில் அவர் வேலையைத் தொடங்கினார். எல்கர் குடும்பம் மறுத்துவிட்டது. பெரியவர் சொன்ன சொல் என்பதுதான் அவர்கள் காரணம். அப்புறம் மனம் மாறியதற்குக் காரணம் சட்டம். ரீட் அச்சிட்டுவிட்ட பக்கங்களின் காப்புரிமை, எல்கர் இறந்து எழுபது ஆண்டு முடிகிற 2004-ன் இறுதியோடு தீர்ந்துவிடும். அதன்பின் யார் வேண்டுமானாலும் அவற்றை எடுத்து எப்படி வேண்டுமானாலும் முடித்து எல்கரின் மூன்றாவது என்று விற்கலாம், குடும்பத்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு, இந்தத் தாள்களோடு வருடக்கணக்காக வாழ்ந்த ஒருவரிடம் முறைப்படி ஒப்படைப்பதே மேல் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. எல்கர் பயந்தது கண்டவர்கள் கையில் இது போவதைத்தான்.

இனி இசைக்கு வருகிறேன். மொத்தம் நான்கு மூவ்மென்ட், சி மைனர் சுருதி, ஏறத்தாழ 55 நிமிடம்.

முதல் மூவ்மென்ட்டின் தொடக்கத்தை எல்கரே முழு ஆர்கெஸ்ட்ராவுக்கும் விரித்து எழுதியிருந்தார். அதைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காருவோம்: வெற்று ஐந்தாம் இடைவெளிகள் (ஸ, ப போல இரண்டு சுரங்கள் மட்டும் சேர்ந்து ஒலிப்பவை) அடுக்கடுக்காக, கரடுமுரடாக, எந்த இனிமையும் பூசாமல் நகர்கின்றன. எழுபத்தைந்து வயதில் இப்படி ஒரு புதுக் குரல். அதன் கரு பழையது. எழுதாமல் கைவிட்ட ‘கடைசித் தீர்ப்பு’ என்ற ஓரட்டோரியோவுக்கு (பாடகர்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த சமய இசைப்படைப்பு) அவர் குறித்து வைத்தது. பழைய நோட்டுப் புத்தகங்களைக் கிளறிப் பயன்படுத்துவது எல்கரின் வாழ்நாள் பழக்கம், அதை வறட்சியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்து வரும் இரண்டாவது தீம் முற்றிலும் வேறு, அத்தனை மென்மை. அந்தத் தாளில் வி.ஹெச். உடைய சொந்த தீம் என்று எழுதியிருக்கிறார். வேரா ஹாக்மன் என்ற வயலின் கலைஞர் அவர். எல்கரைவிட ஏறத்தாழ நாற்பது வயது இளையவர், 1931-ல் கிராய்டனில் ஒரு ஒத்திகையில் அறிமுகமானவர். முதுமையில் எல்கருக்குத் திரும்ப எழுதும் ஆசை வந்ததில் இந்த நட்புக்கும் பங்கு உண்டு என்பதை அந்த மெட்டே சொல்கிறது.

இந்த மூவ்மென்ட்டின் முதல் பெரும்பகுதி, அதாவது தீம்களை முன்வைக்கும் பகுதி, பெரும்பாலும் ஷார்ட் ஸ்கோராகக் கிடைத்தது. முழு ஆர்கெஸ்ட்ராவையும் சில வரிகளுக்குள் சுருக்கி எழுதுவதைத்தான் ஷார்ட் ஸ்கோர் என்கிறோம். முன்வைத்த தீம்கள் திரும்பி வரும் பகுதியை அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம், ஏனென்றால் எந்தத் தீம் எந்தச் சுருதிக்குத் திரும்பும் என்பதற்கு மரபு இருக்கிறது. நடுவில் தீம்கள் மோதி உடைந்து மாறும் பகுதிக்குத்தான் சில சிதறல்கள் மட்டுமே. அதை பெய்ன் எழுதினார். எல்கர் ஒரு சொற்றொடரைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய் உச்சத்துக்குக் கொண்டுவருவார், அடுத்த கணமே அடிவயிற்றில் எதையோ இழந்ததுபோல் இறக்கிவிடுவார். அந்த மூச்சை பெய்ன் பிடித்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வாத்தியங்களுக்குப் பிரித்துக்கொடுப்பது இன்னொரு பெரிய வேலை. எல்கர் சிறு வயதிலிருந்தே ஆர்கெஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்து வயலின் வாசித்தவர். ஒரு மெட்டை ஒரு வாத்தியத்திடம் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்குவதில்லை. ஒரு சொற்றொடரின் நடுவில் நான்கு சுரங்களுக்கு மட்டும் ஒரு கிளாரினெட்டோ ஹார்னோ சேர்ந்து விலகும், அதனால் ஒலியின் நிறம் அழுந்தி மறுபடி தெளியும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஒலியளவுக் குறிகள் நெருக்கமாக இருக்கும். முழுமையாக ஸ்கோர் செய்யப்பட்டது தொடக்கத்தின் சில பக்கங்கள்தான் என்றால், மிச்சம் அத்தனையும் இந்த நுணுக்கத்தோடு பெய்ன் கையால் வந்தது.

இரண்டாவது மூவ்மென்ட் இலேசானது. லாரன்ஸ் பினியனின் ‘ஆர்தர்’ நாடகத்துக்காக 1923-ல் லண்டன் ஓல்ட் விக் அரங்கின் சின்னஞ்சிறு இசைக்குழுவுக்கு எல்கர் எழுதிய விருந்துக் காட்சி இசைதான் அதன் அடித்தளம். கேட்க இதமாக இருக்கும்.

மூன்றாவது, மெதுவான மூவ்மென்ட்தான் இந்தப் படைப்பின் இதயம். அதன் தொடக்க பார்களைப் பற்றி விமர்சகர் எர்னஸ்ட் நியூமனுக்கு எழுதும்போது, மாபெரும் வெண்கலக் கதவுகள் திறந்து இதுவரை அறியாத ஏதோ ஒன்றுக்குள் விடுவதுபோல என்ற பொருளில் எல்கர் சொன்னார். கேட்டால் அப்படியேதான் இருக்கிறது: சுருதி எங்கே நிற்கிறது என்றே பிடிபடாத, வலி நிறைந்த ஒத்திசைகள். அதன் முடிவுக்கான சில பார்களை எல்கர் சாகும் தறுவாயில் எழுதி, கண்ணீரோடு ரீட் கையில் கொடுத்தார், இதுதான் முடிவு என்று. பெய்ன் அதை அந்த மூவ்மென்ட்டின் கடைசியில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவிடம் கொடுத்திருக்கிறார். ஒத்திசை தீராமல், கேள்விபோல நின்றுவிடும். எல்கர் எழுதியதிலேயே இவ்வளவு நிராதரவான இடங்கள் குறைவு.

நான்காவதில்தான் உண்மையான பரீட்சை. போர்முரசு போன்ற தொடக்கமும் சில தீம்களும் இருக்கின்றன, ‘ஆர்தர்’ இசையிலிருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. நடுப்பகுதி கிடையாது. எப்படி முடிகிறது என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. முதல் சிம்பொனி போல வெற்றி முழக்கமா, இரண்டாவது போல அமைதியா? பெய்ன் எடுத்துக்கொண்ட வழி எனக்கு இன்றும் வியப்பு. 1931-ல் எல்கர் அரச குடும்பத்துக் குழந்தைகளுக்குச் சமர்ப்பித்த ‘நர்சரி சூட்’டில் ஒரு வண்டி தூரத்திலிருந்து வந்து, கடந்து, தூரத்தில் மறையும் சிறு பகுதி ஒன்று உண்டு. அதையே மாதிரியாக வைத்து, இறுதி மூவ்மென்ட்டின் தீமைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, ஏற்றி, பிறகு கரையவிட்டு, டாம்-டாம் என்ற பெரிய சேகண்டியின் ஒற்றை அடியோடு முடித்தார். எந்தத் தாளிலும் இது இல்லை. ஆனால் எல்கரின் கடைசிக் காலத்து மனதிலிருந்து எடுத்த யோசனை. ஆரவாரமாக முடித்து கைத்தட்டல் வாங்குவது சுலபம், அதை அவர் செய்யவில்லை.

1998 பிப்ரவரி 15 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஆண்ட்ரூ டேவிஸ் நடத்த பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா இதை அரங்கேற்றியது. எல்கரிடம் கேட்ட அதே பிபிசிக்கு, 65 வருடம் கழித்து. ஸ்கோரின் தலைப்பில் எல்கரின் மூன்றாம் சிம்பொனி என்று மொட்டையாகப் போடவில்லை. எல்கரின் மூன்றாம் சிம்பொனிக்கான வரைவுகள், விரித்து எழுதியவர் ஆன்டனி பெய்ன் என்று இரண்டு பேரும் முகப்பிலேயே இருக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் எல்கரின் தாள் இருந்தது, எங்கே தான் இட்டு நிரப்பினேன், எங்கே முழுதாக எழுதினேன் என்பதை பெய்ன் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார். மொசார்ட் முடிக்காமல் இறந்த ரெக்வியம் (இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை) விஷயத்தில், அதை முடித்த ஸுஸ்மயர் எதை எழுதினார் என்று இன்னமும் சண்டை நடக்கிறதே, அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை.

எதிர்த்துப் பேசுகிறவர்களின் வாதத்தில் எனக்கு மதிப்பு இருக்கிறது. எல்கர் உயிரோடு இருந்திருந்தால் எந்தத் துண்டைக் கிழித்துப் போட்டிருப்பார், எதை இரண்டு மடங்காக்கியிருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இதை அவருடைய ஒன்று, இரண்டு சிம்பொனிகளின் வரிசையில் மூன்றாவதாக வைக்க நானும் ஒப்பமாட்டேன். ஆனால் தாள்களைத் தாள்களாகவே விட்டிருந்தால், எல்கர் கடைசியில் வறண்டுபோனார் என்ற தவறான தீர்ப்பு அப்படியே நின்றிருக்கும். வாசித்துக் கேட்டபிறகுதான் அது உடைந்தது. இசையைக் காகிதத்தில் பார்த்து எடைபோடும் திறமை மிகச் சிலருக்குத்தான் உண்டு.

இதே மாதிரி வேலைகள் பிரிட்டனில் வேறும் நடந்திருக்கின்றன. இசையமைப்பாளர் ஈ. ஜே. மோரன் 1950-ல் அயர்லாந்தில் இறந்தபோது வரைவாக நின்ற இரண்டாம் சிம்பொனியை மார்ட்டின் யேட்ஸ் பின்னாளில் முடித்தார். பெய்னே எல்கரின் ‘பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்’ ஆறாவது மார்ச்சையும் வரைவிலிருந்து எழுதி முடித்தார், அது 2006-ல் பிபிசியின் ‘ப்ராம்ஸ்’ (Proms) கோடைக்கால இசை விழாவில் வாசிக்கப்பட்டது. பெய்ன் 2021 ஏப்ரலில் காலமானார்.

கேட்க நினைப்பவர்களுக்கு: அரங்கேற்றிய ஆண்ட்ரூ டேவிஸின் பதிவே நல்ல தொடக்கம். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு காலின் டேவிஸ் நடத்தியது இன்னும் அகலமானது. போர்ன்மத் ஆர்கெஸ்ட்ராவோடு பால் டேனியல் நடத்தியதும் நன்றாக இருக்கும். எல்கரே பழக்கமில்லை என்றால் முதலில் செல்லோ கன்செர்ட்டோவையும் இரண்டாம் சிம்பொனியையும் கேட்டுக் காது பழகட்டும். அப்புறம் இதன் மூன்றாவது மூவ்மென்ட்டை மட்டும் தனியாகக் கேளுங்கள். பிடித்துவிட்டால் தொடக்கத்திலிருந்து முழுதும் கேளுங்கள், யார் எழுதிய இடம் எது என்று முதல் தடவையே தேட வேண்டாம். இரண்டாவது தடவை பெய்னின் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடலாம்.